மாண்டலின் கம்பி

எலெக்ட்ரிக் கிதாருக்குத் தடித்த கம்பி தேவையில்லை, ஐயா. எனக்கு இது ரொம்பக் காலம் தெரியாமல் இருந்தது.

நான் சாதாக் கிதாரில் பழகியவன். அதில் சத்தம் மரப்பெட்டியிலிருந்து வர வேண்டும். அதனால் கம்பி தடிப்பாக இருக்கும். தடித்த கம்பியைச் சுருதிக்குக் கொண்டுவர நிறைய முறுக்க வேண்டும். முறுக்க முறுக்க விறைக்கும். அறுபத்தெட்டில் எங்கள் ஆவடி மெல்லிசைக் குழு எலெக்ட்ரிக் கிதார் வாங்கியபோதும் அதே கம்பியைத்தான் கட்டினேன். கம்பி தாங்குகிற பிரிட்ஜையும் உயர்த்தி வைத்தேன். அழுத்தினால் விரல் நுனி வெடிக்கும். ரத்தத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாசிப்பேன். நாகப்பன் கை இரும்பு என்பார்கள். அம்பத்தூர்ப் பட்டறையில் பகலெல்லாம் இரும்பை ராவுகிறவனுக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

லட்சுமணன் என் மனைவி கன்னியம்மாளின் தம்பி. பூந்தமல்லியில் ரேடியோ ரிப்பேர் செய்துவந்தான். சாப்பாடு எங்கள் வீட்டில். ஒருநாள் என் கிதாரை எடுத்து அழுத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“இன்னா மாமா, கிதாரா இது? அக்கா ஈரப்பொடவ காயப் போடலாம் போல கீதே.”

“பலம் வோணும்டா.”

“எதுக்கு? அடியில காந்தம் கீது, அப்பால ஆம்ப்ளிபயர் கீது. சத்தத்த அது குடுக்கும். நீ ஏன் கம்பியாண்ட மல்லுக்கட்டிக்கினு கீறே?”

முதல் கம்பியின் இடத்தில் அதைவிட மெல்லிய மாண்டலின் கம்பி ஒன்றைக் கட்டினான். பழைய முதல் கம்பியை இரண்டாவது இடத்துக்கு, இரண்டாவதை மூன்றாவதுக்கு என்று தள்ளிக்கொண்டே போய், ஆகத் தடித்ததைத் தூக்கி எறிந்தான். பிரிட்ஜை இறக்கினான். பிறகு ஒரு விரலால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளினான். சுரம் வழுக்கி மேலே ஏறியது, குரல் தழுதழுப்பதுபோல. என் கம்பியில் அது நடக்காது. அந்த விறைப்பு இடம் கொடுக்காது.

குழுவை நடத்துகிற கஜபதி அதை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “நாகப்பண்ணே, ஆடித் திருவிழால முன்னால நின்னு அவன் வாசிக்கட்டும். நீ பின்னால குந்திக்கினு அவனுக்குத் தொணையா கார்டு புடி” என்றார்.

சரி என்றேன். கோபப்படவில்லை. அத்தனை வருட ரத்தமும் வீண் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

கம்பியின் இழுப்பு குறைந்தால் கிதாரின் கழுத்து லேசாகப் பின்னுக்குப் போகும். கம்பி அதில் பதித்த பித்தளைப் படிகளில் உரசி இரையும். அதைச் சரிசெய்து தருகிறேன், பட்டறைக்கு வா என்றேன். திருவிழா ஞாயிற்றுக்கிழமை, பட்டறைக்கு விடுமுறை. வந்தான். கிதாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸின் வாய்க்குள் ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். இடது கையால் பிடித்தான், கம்பியை அழுத்துகிற கை. வைஸின் கைப்பிடியைச் சுற்றினேன்.

முறுக்குவதில் ஒரு விஷயம் உண்டு, ஐயா. முதலில் ஒன்றுமே ஆகாததுபோல இருக்கும். கடைசிக் கால் சுற்றில்தான் எல்லாம் நடக்கும். எலும்பும் அப்படித்தான். நான்கு விரலும் சேர்ந்து உடையவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டது.

“வுட்டுடு மாமா. நீயே வாசி மாமா. எனக்கு வாணாம்.”

அதுவரை கையோடு நிறுத்திவிடத்தான் நினைத்திருந்தேன். என் இடத்தை எனக்கே தானம் கொடுப்பதுபோலப் பேசினான். சுத்தியலை எடுத்தேன். எத்தனை அடி என்று கேட்கிறீர்கள், எண்ணவில்லை. பேச்சு நிற்கும்வரை அடித்தேன். அதற்குப் பிறகும் கொஞ்சம்.

கிதாரில் தெறித்ததை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். வீட்டுக்குப் போய்க் குளித்தேன். கன்னியம்மாள் சோறு போட்டாள்.

“தம்பி எங்க காணோம்?”

“கொரட்டூர் போய்கீறான். நேரா மேடையாண்ட வந்துருவான்.”

அவனுக்கென்று மீன்துண்டு இரண்டை எடுத்து மூடி வைத்தாள்.

மாலையில் அவனைக் காணாமல் கஜபதி பதறினார். நான் முன்னால் போய் நின்றேன். கம்பியை மாற்றவில்லை. விரலால் தள்ளினேன்; சுரம் ஏறி அழுதது. கூட்டம் எழுந்து கை தட்டியது. கன்னியம்மாளும் தட்டினாள்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். பொறாமையால் என்று மட்டும் எழுத வேண்டாம். அன்றைக்கு நான் வாசித்ததைக் கேட்ட யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள், ஐயா. அவனைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு என்ன இருக்கிறது?