திசு வங்கிப் பெட்டியில் இருந்த ஐஸ்

என் பெயர் மாரிக்கண்ணன், வயது 43, தகப்பனார் பெயர் நாகையா, மல்லாங்கிணறு கீழத்தெருவில் குடியிருக்கிறேன். சிவகாசி, விருதுநகர் பக்கத்து மருத்துவமனைகள் சில சேர்ந்து பொதுவாக நடத்தும் நோய்க்குறியியல் மையத்தில் ஓட்டுநராக இருக்கிறேன். ஆபரேஷனில் எடுக்கும் புற்றுக்கட்டியில் ஒரு பங்கை ரிப்போர்ட்டுக்காக மருந்துத் தண்ணீர் பாட்டிலிலும், இன்னொரு பங்கை உறையவைத்து ஆராய்ச்சிக்கான திசு வங்கிக்குத் தனிப் பெட்டியிலும் தருவார்கள். இரண்டையும் வாங்கி வருவது என் வேலை. உறைந்தது இளகாமல் இருக்கப் பெட்டிக்குள் ட்ரை ஐஸ் நிரப்பியிருப்பார்கள். பார்க்க ஐஸ் மாதிரி இருக்கும், ஐஸ் அல்ல, உறையவைத்த கரியமில வாயு. வெறுங்கையில் பட்டால் தீக்காயம் மாதிரியே தோல் வெந்துபோகும் என்று திசு வங்கிப் பொறுப்பாளர் டாக்டர் ஆர்த்தி நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருக்கிறார்.

சென்ற மாதம் 14-ஆம் தேதி பகலில் சிவகாசியில் பெட்டியை வாங்கிக்கொண்டு விஸ்வநத்தம் வழியாக வரும்போது வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் சத்தம் கேட்டால் என்ன என்று யாரும் கேட்பதில்லை, எங்கே என்றுதான் கேட்பார்கள். அதன் பிறகு ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில் ஆட்கள் வண்டியை மறித்து, பானுப்பிரியா என்ற பெண்ணையும் அவள் தாயார் சின்னத்தாயையும் ஏற்றச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை. பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். முகமும் வலது கையும் வெந்திருந்தன. அவளைத் தீயிலிருந்து இழுத்துப் போட்டதில் தாயாரின் உள்ளங்கைகளும் பொத்துப்போயிருந்தன. மையத்து விதிப்படி வண்டியில் வெளியாட்களை ஏற்றக் கூடாது. யோசிக்க நேரமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் ஏற்றினேன்.

அதன் பிறகு சிவகாசிக்கே வண்டியைத் திருப்பினேன். பின்னால் அந்தப் பெண் "எரியுதும்மா, எரியுதும்மா" என்று கத்திக்கொண்டே வந்தாள். சிறிது தூரம் போனதும் டேப் கிழிபடும் சத்தம் கேட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். சின்னத்தாய் பெட்டியைத் திறந்து, உள்ளே திசு வைத்திருந்த சிறு குப்பிகளைக் கீழே தள்ளிவிட்டு, ட்ரை ஐஸை முந்தானையில் அள்ளி மகள் கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.

"யக்கா, அதத் தொடாதீக! அது ஐஸு இல்ல!" என்று கத்தினேன்.

"ஐஸு இல்லாம பெறகு என்னய்யா? ஒங்க பெட்டிதான் பெருசா, எம்புள்ள வேகுதாளே!" என்றார்.

வண்டியை நிறுத்திப் பிடுங்கியிருக்க வேண்டும். நிறுத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் கெடுமே என்று ஹாரனை அழுத்திக்கொண்டு ஓட்டினேன். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அந்தப் பெண் கத்துவது நின்றது. "பாரு, குளுந்ததும் அமந்துட்டா" என்று தாயார் சொன்னார். அதற்கு மேல் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு டாக்டர் என்னைத் தனியே அழைத்து, தீக்காயத்தின் மேல் கை உறைந்திருக்கிறது, என்ன வைத்தீர்கள் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். தாயாரின் கையிலும் அதே காயம் இருந்திருக்கிறது, அவர் அதைத் தீ சுட்டது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். உயிர் போனால் தீயால்தான் போகும், ஆனால் அந்தக் கையை ஐஸ்தான் கெடுத்தது என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் பானுப்பிரியா இறந்துவிட்டாள்.

குப்பிகளைப் பொறுக்கி மையத்தில் ஒப்படைத்தேன். இளகியது இனி ஆராய்ச்சிக்கு ஆகாது என்றார் டாக்டர் ஆர்த்தி. அவற்றில் ஒன்றைத் தந்த நோயாளி அதற்குள் இறந்திருந்தார், மறுபடி கேட்க ஆள் இல்லை. அந்தக் குப்பியை மட்டும் டாக்டர் ஆர்த்தி தனியே எடுத்து வைத்தார். ரிப்போர்ட்டுக்கான பாட்டில்கள் பத்திரமாக வந்துவிட்டதால் யாருடைய வைத்தியமும் நிற்கவில்லை. பெட்டி பாழானதற்கு மையம் உங்கள் ஸ்டேஷனில் தந்த புகாரில்தான் என்னை விசாரிக்கிறீர்கள்.

அதன் பிறகு சின்னத்தாய் இரண்டு கையிலும் கட்டோடு மையத்துக்கு வந்து என்னைக் கருமாதிக்கு அழைத்தார். "எம்புள்ள கடைசில எரிச்ச தெரியாமக் கெடந்தா. அம்புட்டும் ஒங்க ஐஸாலதான்யா" என்றார். நான் போனேன். எனக்கு அவரே இலை போடச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பெட்டியைத் திறந்தது நான் என்று எழுதிக்கொள்ளக் கேட்டேன். நடந்ததைத்தான் எழுத முடியும் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டார். ஆகவே நடந்ததைச் சொல்லியிருக்கிறேன். வேலை போனால் போகட்டும். சின்னத்தாயிடமும் வாக்குமூலம் வாங்குவீர்கள் என்று தெரியும். அவரிடம் கேட்கும்போது, ஐஸ் என்றே சொல்லிக் கேட்கும்படி வேண்டுகிறேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை.

(ஒப்பம்) மாரிக்கண்ணன்