மூன்று மொட்டைக் கடிதாசிகள்

என் கணவருக்கு அழகான கையெழுத்து. வாரம் தவறாமல் ஒரு இன்லண்ட் கடிதம் வரும். எல்லாப் பக்கமும் நிறைத்து, ஒட்டுகிற ஓரத்திலும் இரண்டு வரி எழுதியிருப்பார். குடிக்க மாட்டார். என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. இதையெல்லாம் முதலில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அவரைப் பற்றி யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது.

என் பெயர் அனிதா. நல்லூரில் வீடு. ஒரு பனியன் கம்பெனியில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். கடைசி மூன்று வருடம் புரொடக்‌ஷன் முழுவதும் என் பொறுப்பு. கணவர் தமிழ்செல்வன் ராணுவத்தில் இருப்பதால் தெருவில் என்னை மிலிட்டரிக்காரர் சம்சாரம் என்பார்கள். அதற்குத் தகுந்த மாதிரி நான் நடந்துகொண்டதில்லை. முடியைக் கழுத்தளவு வெட்டியிருந்தேன். அவருடைய யமஹாவில்தான் வேலைக்குப் போவேன். சரக்கு வாங்க வெளிநாட்டுப் பையர்கள் வந்தால் அவர்களுடன் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவேன், வாதாடுவேன். வருடத்தில் பத்து மாதம் அவர் ஊரில் இல்லாததால்தான் எங்கள் கல்யாணம் ஒன்பது வருடம் ஓடியது. பிள்ளைகள் இல்லை.

போன வருடம் நவம்பரில் லீவில் வந்தார். ஒரு நாள் காலையில் என்னிடம் சொல்லாமலே கம்பெனிக்குப் போய், ஜனவரியோடு நான் நின்றுகொள்வதாக முதலாளியிடம் சொல்லிவிட்டார். நான் சாமளாபுரத்தில் அவருடைய அப்பா அம்மாவோடு இருக்க வேண்டுமாம். அவருக்கு அது நல்ல சேதி. வரும் வழியில் எனக்கு அல்வா வாங்கி வந்திருந்தார்.

"என்னைய உட்ருங்க. நாம பிரிஞ்சுக்கலாமுங்க," என்றேன்.

"கோவத்துல பேசாத கண்ணு. அடுத்த லீவுல பேசிக்கலாம்," என்று சிரித்தார்.

அடுத்த லீவு வரவே இல்லை. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்குதல் நடந்தது. படை மொத்தமும் எல்லைக்குப் போயிற்று. ராஜஸ்தான் மணலில் கண்ணிவெடி புதைக்கிறோம் என்று எழுதினார். நான் வக்கீல் ஈஸ்வரமூர்த்தியைப் போய்ப் பார்த்தேன்.

"எல்லையில நிக்கறவரு மேல இப்பக் கேஸ் போட்டா கோர்ட்டு தள்ளித்தானுங்க வெக்கும். சண்டை தீரட்டும். அதுக்குள்ள ஊர்ல உங்களைய என்னன்னு பேசுவாங்க, நெனச்சுப் பாருங்க," என்றார்.

சண்டை ஆரம்பிக்கவும் இல்லை, தீரவும் இல்லை. முதலாளி மட்டும் ஷிப்மென்ட் நெருக்கடியால் என்னை நிறுத்தாமல் வைத்திருந்தார். ஆனால் மாமனார் அப்புசாமியும் மாமியார் மருதாளும் பெட்டி படுக்கையோடு நல்லூருக்கே வந்துவிட்டார்கள்.

"பையன் அங்க துப்பாக்கி புடிச்சு நிக்கறான். நீ இங்க வண்டியில சுத்துனா நல்லாவா இருக்குது அம்மிணி?" என்று மாமா யமஹா சாவியை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். காலையில் என்னோடு கம்பெனி வாசல் வரை நடந்து வருவார். வேலை முடியும்போது எதிர்ப்பக்க டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். குடியரசு தினத்தன்று பள்ளிக்கூட மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். கீழே மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கணவரை விட்டு நான் போனால் நான் துரோகி. அவர் என்னை வேண்டாம் என்றால் நான் வெறும் கெட்டவள். கெட்டவளை வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். எனக்கு வேண்டியதும் அதுதான்.

கம்பெனியில் ஆயிரக்கணக்கான பீஸ் உள்ள லாட்டிலிருந்து இருநூறை எடுத்துப் பார்ப்போம். பத்துப் பழுது வரை லாட் பாஸ். பதினொன்று வந்தால் மொத்தமும் திரும்பிவிடும். நல்ல பையர் ஒன்றிரண்டு பழுதைப் பார்த்து மனம் மாற மாட்டான். என் கணவர் நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா. அதனால் ஒரு கடிதம் போதாது என்று எனக்கு முன்பே தெரியும்.

மார்ச்சில் முதல் கடிதத்தை இடது கையால் எழுதினேன். 'உன் சம்சாரம் உனக்கு உண்மையாக இல்லை, இப்படிக்கு உன் நலம் விரும்பி.' பேக்கிங் செக்‌ஷன் ஆள் ஒருவர் பல்லடம் போனபோது அங்கே பெட்டியில் போடச் சொன்னேன். இரண்டு வாரத்தில் என் கணவரிடமிருந்து பதில் வந்தது. யாரோ பொறாமையில் மொட்டைக் கடிதாசி எழுதுகிறார்கள், கிழித்துப் போட்டுவிட்டேன், நீ மனதை வருத்திக்கொள்ளாதே என்று எழுதியிருந்தார். அன்றைக்கு நான் அழுதேன். பாசத்தில் அழுகிறேன் என்று அத்தை நினைத்துக்கொண்டாள்.

பெயர் இல்லாத குற்றத்தை நம்ப மாட்டார் என்று புரிந்தது. ஒரு ஆள் வேண்டும். எங்கள் ஆட்களில் யாருடைய பெயரையாவது எழுதினால் சொந்தபந்தம் கூடி, சத்தியம் வாங்கி, சமாதானம் செய்து என்னை அதே வீட்டில் உட்கார வைத்துவிடும். அதனால் ராபினை எழுதினேன். ராபின் எங்கள் செக்கிங் இன்சார்ஜ். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். மனைவி ஆஷா, கைக்குழந்தை. அவனுக்காகக் கேட்க இந்த ஊரில் யாரும் இல்லை. பிரச்சினை வந்தால் பஸ் ஏறி ஊருக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது நியாயமாகத்தான் பட்டது.

அந்த இரண்டாவது கடிதத்தைத் தபாலில் சேர்த்த வாரம், ஒரு சரக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ராபின் கேட்டான்.

"அக்கா, அண்ணன் அங்க நல்லா இருக்காவளா? நாங்க கோயில்ல அவியளுக்காக ஜெபிச்சிட்டுதான் இருக்கோம். ஒண்ணும் ஆவாது, பாத்துக்கிடுங்க."

நன்றி என்றேன். தையல் பிரிந்த இரண்டு பீஸைத் தள்ளி வைக்கச் சொன்னேன்.

அந்தக் கடிதத்துக்குப் பிறகும் வாரம் தவறாமல் அன்பாகவே எழுதினார். ஆனால் அதைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை; அதை வைத்துக் கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். இன்னும் ஒரு தள்ளு போதும். மூன்றாவதை மாமாவுக்கே எழுதினேன். மகன் நம்பாததை அப்பா சொன்னால் நம்புவான் என்பது என் கணக்கு. தபால்காரர் அதை என் கையில்தான் கொடுத்தார். உள்ளே கொண்டுபோய், "உங்களுக்குக் கடுதாசிங்க மாமா," என்று கொடுத்தேன்.

மாமா இரண்டு முறை படித்தார். மடித்து சட்டைப் பையில் வைத்தார். என்னைத் திட்டுவார், வெளியே போ என்பார் என்று சமையலறை வாசலில் நின்று காத்திருந்தேன். துணிகளைக்கூட எடுத்து வைத்திருந்தேன், ஐயா. அவர் மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏங்கண்ணு, வர்ற ஞாயித்துக்கெழம கம்பெனி இருக்குதா?"

"இருக்குதுங்க மாமா. லோடு ஏத்தறாங்க," என்றேன்.

"நீ போவேண்டாம். ஊட்லயே இரு."

அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தேன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. ஞாயிறு காலை எட்டரைக்கு ராபின் மனைவியையும் குழந்தையையும் கோயிலில் விட்டுவிட்டு, வாய்க்கால் ஓரமாக மொபெட்டில் தனியாகக் கம்பெனிக்கு வருவான், அங்கேதான் இருவரும் சந்திக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். சந்திக்கிறோம் என்பது பொய். வழியும் நேரமும் உண்மை. விவரம் இருந்தால்தான் நம்புவார்கள் என்பதற்காக எழுதினேன். இத்தனை நாள் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஜூலை மாத ஞாயிறு. மாமா ஏழரைக்கே கிளம்பினார். சாமளாபுரத்திலிருந்து அவருடைய தறிக்கு நூல் ஏற்றுகிற டெம்போ வந்திருந்தது. அவரே ஓட்டிக்கொண்டு போனார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். டெலிபோன் பக்கத்து அறையில் இருந்தது. கம்பெனி நம்பர் எனக்கு மனப்பாடம். ராபினுக்கு அடுத்த வீட்டு நம்பரும் தெரியும். ஒரு மணி நேரம் இருந்தது. தேங்காயை முழுவதும் துருவினேன், சட்னி அரைத்தேன், தாளித்தேன். ராபின் அன்றைக்குச் சாவான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தேன்.

அடையாளம் தெரியாத வண்டி மோதிய விபத்து என்று எழுதப்பட்டது. ஆஷா குழந்தையோடு கம்பெனிக்கு வந்து, அவனுடைய டிபன் பாக்ஸையும் செருப்பையும் வாங்கிக்கொண்டு போனாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது.

மாமா என்னிடம் கோபப்படவே இல்லை. "இனி அந்தப் பேச்சே வேண்டாங்கண்ணு. பையனுக்கு எழுதிட்டேன். பொம்பளப் புள்ளயத் தனியா உட்டது எங்க தப்பு," என்றார். கம்பெனிக்கு ஆள் அனுப்பி என்னை நிறுத்திவிட்டார். அத்தை எனக்கு வேப்பிலை அடித்து விபூதி பூசினாள்.

பத்து நாளைக்கு முன்னால் என் கணவரின் கடிதம் வந்தது. அதே அழகான கையெழுத்து. எல்லையிலிருந்து படை திரும்புகிறது, சர்வீஸ் முடிந்தது, பென்ஷன் வாங்கிக்கொண்டு வருகிறேன், நடந்ததை மறந்துவிட்டேன், உன்னை மன்னித்துவிட்டேன், இனி ஒரு நாளும் உன்னைத் தனியாக விட மாட்டேன் என்று எழுதியிருந்தார். ஓரத்தில், முடியை வளர்த்துக்கொள், உனக்கு அழகாக இருக்கும் என்றும் எழுதியிருந்தார்.

அதனால்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன், ஐயா. மாமா வீட்டில்தான் இருக்கிறார். டெம்போவை சாமளாபுரத்தில் பார்க்கலாம். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒரு பிரதியை மட்டும் இன்றைக்கே என் கணவருக்கு அனுப்பிவையுங்கள், அவர் ரயில் ஏறுவதற்குள் கிடைக்க வேண்டும். இதைப் படித்த பிறகு எந்த மனிதனும் என்னை வைத்துக்கொள்ள மாட்டான். இதையும் அவர் மன்னித்துவிட்டால், அடுத்து யார் பெயரை எழுதுவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.