பெயரைச் சொல்லாத டாக்டர்

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, ஷிப்ட் முடிந்த கையோடு வந்திருக்கும் தோழர்களே, வடக்குத்து கிராமத்துத் தாய்மார்களே, மருத்துவம் படிக்கும் மாணவச் செல்வங்களே! கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் கான்ட்ராக்டர் ஆட்களே, உங்களுக்கும் வணக்கம். அழ வந்தீர்களா, ஆள் பார்க்க வந்தீர்களா என்பது உங்களுக்குத்தான் வெளிச்சம்!

டாக்டர் தமயந்தி அம்மையார் மறைந்துவிட்டார். யாரையும் லேசில் நம்பாதவன் இந்த ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்துக் கொளஞ்சியப்பன். நான் நம்பிய ஒரே டாக்டர் அவர்தான்.

அதுவும் உடனே அல்ல. போன வருடம், எண்பத்து மூன்றில், விடுமுறைக்கு வந்த இதே மாணவர்களை அழைத்துக்கொண்டு வடக்குத்தில் இலவச முகாம் நடத்தினாரே, அன்று அவரையும் சந்தேகப்பட்டேன். சும்மா பார்ப்பார்களா என்ன? நம் பெண்களோ வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் பர்மனென்ட் வேலைக்கு உடல்தகுதி பார்த்து ஆள் எடுக்கிறார்கள் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். யாரைக் கேட்டாலும், "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க!" இருமல் வந்தாலும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வரிசையில் நின்றாலே சம்மதம் என்று மாணவர்கள் நினைத்தார்கள். ஒரு வார்த்தை கேட்காமல் நெஞ்சில் குழாயை வைத்தார்கள்.

அம்மையார் விட்டாரா? "எல்லாரும் கோட்டைக் கழட்டுங்க" என்று மாணவர்களை அதட்டினார். பிறகு பெண்களிடம், "வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இங்க சொல்றது வெளிய போகாது. பிடிக்கலன்னா வேணாம்னு சொல்லலாம், அது உங்க உரிமை" என்றார். பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். அதில் ஒருவர் மட்டும் திரும்பி வந்தாராம். "மெய்யாவே கான்ட்ராக்டருக்குப் போவாதுங்களா? பயந்துகினு இருந்தேங்க" என்றாராம். பிறகு அவர் சொன்னது அம்மையாருக்கும் மாணவர்களுக்கும் மட்டும்தான் தெரியும்.

மறுநாளே ஒரு கான்ட்ராக்டர் பழத்தட்டோடு அம்மையாரின் குவார்ட்டர்ஸுக்குப் போனார். சந்தேகத்தில் நானும் பின்னாலேயே போனேன்.

"சீக்காளி யாருன்னு சொல்லிடுங்க டாக்டரம்மா, ஆள மாத்திக்கிறேன்."

"அவங்க உடம்பு உங்க கான்ட்ராக்டுல வராது. தட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க."

எப்பேர்ப்பட்ட பதில்! அந்தப் பெண் குணமாகி இன்றும் வேலைக்குப் போகிறார். என்னிடம்கூட அம்மையார் அவ்வளவுதான் சொன்னார். பெயர் வெளியே வந்தால் அந்தப் பெண்ணின் பிழைப்பு போய்விடும். அம்மையார் போனபின் அந்தப் பெயரை யாரிடம் கேட்பார்கள்? மாணவர்களே, உங்களிடம்தான்! டீ வாங்கித் தருவார்கள், தம்பி என்பார்கள். உங்கள் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு, மறைக்கவில்லை.

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் எல்லோரும் சபதம் செய்தார்கள். நானும் செய்கிறேன். இப்போது இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கச் சொல்வார்கள். எங்களுக்கு இரண்டு நிமிடம் போதும். உங்களுக்கு, மாணவர்களே, அந்த மௌனம் ஆயுள் முழுவதும்!