அழகையா மாமா ஓடையில் இறங்கியது

டீயில் இஞ்சி கொஞ்சம் கூடிப்போயிருக்கும், மேடம். பந்தலூர் மழைக்கு இப்படிக் குடித்தால்தான் தொண்டை தாங்கும்.

அழகையா மாமா அவ்வளவு தண்ணீரில் ஏன் இறங்கினார் என்று நேற்று நீங்கள் கட்டித் தந்த மண்டபத்தில் கேட்டீர்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். இப்போது நாம் இரண்டு பேர்தான். மழை விடாமல் உங்கள் ஜீப்பும் கிளம்பாது. அதனால் சொல்கிறேன்.

எங்கள் அப்பாமார் சிலோன் தோட்டத்தை விட்டுக் கப்பலேறியபோது பெரிதாக எதையும் கொண்டுவரவில்லை. காமன் கூத்தைக் கொண்டுவந்தார்கள். மாசி மாதம் காமன் பொட்டலில் நான் ரதி வேஷம் கட்டுவேன். எரிந்துபோன மன்மதனுக்காக அழ வேண்டும். குழுவுக்குச் செயலாளரும் நான்தான். மாமா தப்பு மேளம் அடிப்பார். சொந்த மாமா இல்லை. லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீடு. சிலோனில் மஸ்கெலியாவில் பிறந்த மனுஷன், கடைசிவரை அந்தப் பேச்சு மாறவில்லை.

தேயிலை விலை விழுந்து எஸ்டேட் ஃபேக்டரியைப் பூட்டியதும் குழு சிதறியது. சிவன் வேஷக்காரன் திருப்பூரில் பனியன் தைக்கப் போனான். மன்மதன் மஞ்சேரியில் கட்டட வேலைக்குப் போனான். உடுப்புகளைப் பூஞ்சை தின்றது. தப்புத் தோல்கள் ஈரத்தில் ஊறிக் கிழிந்தன. உதவி கேட்டு ஊட்டி, குன்னூர் என்று அலைந்தேன். ஒரு ஆபீசில் அதிகாரி மரியாதையாக உட்கார வைத்துக் கேட்டார்.

“வெள்ளத்துல போச்சுங்களா?”

“இல்லீங்க. ஆள் இல்லாம, பராமரிப்பு இல்லாமப் போச்சு.”

“அதுக்கு எங்க கையில ஒண்ணும் இல்லீங்களே. வெள்ளத்துல போயிருந்தாச் சொல்லுங்க. கலைஞர்களுக்குன்னே உதவி வருது.”

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. விலை விழுந்து அழிந்த தப்புக்கு நிவாரணம் கிடையாது. தண்ணீர் கொண்டுபோன தப்புக்கு உண்டு. விஷயம் அவ்வளவு எளிது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அந்த ஆடியில் மழை பிடித்ததும் கூத்துச் சாமான் பெட்டிகளை ஓடைக்கரையில் இருந்த, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் பழைய கொட்டகைக்கு இறக்கினேன். லயத்தில் ஒழுகுகிறது என்றேன், யாரும் சந்தேகப்படவில்லை. மாமாவின் தப்பை மட்டும் சாக்கில் சுற்றி என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பலாமரச் சட்டம். நெருப்பில் காட்டி ஒரு தட்டு தட்டினால் அடுத்த டிவிஷன் வரை கேட்கும். அதைத் தண்ணீருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. எனக்கும் மனம் என்று ஒன்று இருக்கிறது, மேடம்.

ஓடை பெருகிக் கொட்டகையின் பாதியையும் பெட்டிகளையும் அடித்துக்கொண்டு போனது. நிவாரணம் கொடுக்க நீங்கள் வந்தீர்கள். சேற்றில் கிடந்த ஒரு கிரீடத்தைப் படம் எடுத்தீர்கள். பிறகு என்னிடம் சொன்னீர்கள்: “நல்லவேளை, இங்க உயிர்ச்சேதம் இல்லை. அடுத்த பள்ளத்துல ஒரு பாட்டுக்கார அம்மாவே போயிட்டாங்க. முதல்ல அவங்களைப் பார்க்கணும்.”

போர்வையும் தார்ப்பாயும் இறக்கி வைத்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் தவறாக எதுவும் செய்யவில்லை. வரிசை என்று ஒன்று இருக்கத்தானே வேண்டும். அந்தப் பள்ளத்துக்கு ஜீப் ஜீப்பாக ஆட்கள் போனதை ரோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் யாரும் திரும்பவில்லை.

மழை விடவில்லை. நான் நிதானமாகத்தான் யோசித்தேன். குழுவில் மிச்சமிருந்தவர்களில் கமலேஷுக்குக் கைக்குழந்தை. சுடலைமுத்துவை நம்பி அம்மா இருக்கிறாள். மாமாவுக்கு மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகள் மரகதம் கூடலூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மார்ச்சளி வேறு. தப்பு போனதிலிருந்து சாப்பாடும் சரியாக இல்லை. வாசலில் உட்கார்ந்து தொடையில் விரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

காலையில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“மாமா, ஒங்க தப்பு போகல. கொட்டகைப் பரண்ல மாட்டிக்கிட்டு இருக்கு. நான் பாத்தேன்.”

அவர் முகம் மாறியதை இன்னமும் சொல்லத் தெரியவில்லை.

“மெய்யாவா எல்லப்பா? தண்ணி என்ன மாதிரி?”

“முழங்கால் அளவுதான்.”

நானும் கூடப் போனேன். தனியாக அனுப்பவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். இடுப்புக்கு வந்ததும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். தலையை ஆட்டினேன், போங்கள் என்று. எப்படியோ கொட்டகைத் தூணைப் பிடித்துப் பரணில் கைவிட்டுத் துழாவினார்.

“இங்க ஒண்ணும் இல்லியேடா.”

“உள்ள தள்ளிப் பாருங்க மாமா.”

அதற்குள் தண்ணீர் அவர் நெஞ்சுக்கு வந்துவிட்டது. கயிறு கொண்டுவரச் சொன்னார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். என்னைச் சந்தேகப்படவே இல்லை. என் வீட்டு வாசலிலேயே மாட்டுக் கயிறு கிடந்தது. நான் அதைத் தாண்டி மேல் லயம் வரை ஓடி, வீடு வீடாகக் கயிறு கேட்டேன். எல்லோரும் பார்த்தார்கள். ஆட்களோடு திரும்பி வந்தபோது தூணும் இல்லை, அவரும் இல்லை.

மரகதம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “எங்கப்பாவுக்காக அந்த ஓட்டம் ஓடினீங்களாமே அண்ணே” என்று அழுதாள். நானும் அழுதேன். ரதி கட்டுகிறவனுக்கு அழுகை சுலபம் என்று நினைக்காதீர்கள். அது நிஜமான அழுகை.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். மண்டபம், புதுத் தப்புகள், சரிகை வைத்த உடுப்பு. கேட்டதற்கு மேலேயே செய்தீர்கள். ஆனால் மாசி வந்தபோது சிவன் திருப்பூரிலிருந்து வரவில்லை. மன்மதன் மஞ்சேரியிலேயே பெண்ணெடுத்துவிட்டான். கமலேஷும் குடும்பத்தோடு கிளம்பிவிட்டான். ஃபேக்டரி திறக்கவே இல்லை. பிறகு எதற்கு இங்கே இருப்பார்கள்? புதுத் தப்புகள் பிளாஸ்டிக் உறையோடு தொங்குகின்றன. மாமாவின் தப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வெளியே எடுக்க முடியாது. அந்தச் சத்தம் மரகதத்துக்குத் தெரியும்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். மண்டபச் சுவரில் மாமா பேரில் நினைவுக் கல் பதிக்கப்போவதாக உங்கள் டிரைவர் சொன்னார். நல்ல காரியம். அவர் தானாகவே தண்ணீரில் இறங்கியதாக எழுதினால் அது முழு உண்மை ஆகாது, இறக்கியது நான். அதை அப்படியே எழுத முடியாது, எனக்கும் புரிகிறது. கீழே கொஞ்சம் இடம் விட்டு என் பேரையும் போடச் சொல்லுங்கள், மேடம். மாமாவுக்கு அடுத்தபடி இந்தக் கூத்துக்காக அதிகம் இழந்தவன் நான்தான்.