புருஷன் கையெழுத்து

ஆண்டிமடத்திலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைப்பவர்கள். இருவர் விரல்களும் கறுத்துத் தோல் உரிந்திருந்தன.

"மேஸ்திரி மேல புகார் சொல்லணும்னா இனிமே புருஷன் கையெழுத்து வேணுமாங்க்கா" என்றாள் இளையவள். அதைக் கேட்டுத்தான் நான் காது கொடுத்தேன்.

"ஆமாண்டி. என்னாலதான் அந்தச் சட்டமே வந்துச்சு" என்றாள் மூத்தவள்.

"நீங்க என்னக்கா பண்ணுனீங்க?"

"குடோன்ல வச்சு அந்த மேஸ்திரி என் சேலையப் புடிச்சு இழுத்தான். மேனேஜர்கிட்ட போயி சொன்னேன். ஒன் வூட்டுக்காரர் வந்து பேசட்டும்னு ஆளனுப்பிட்டாரு."

"அண்ணன் வந்தாங்களா?"

"வந்தாரு. மேனேஜர் முன்னாடி வாயே தொறக்கல. வூட்டுக்கு வந்து, நீ இளிக்காமயா அவன் தொட்டான்னு வெறகுக் கட்டையால அடிச்சாரு. இந்தத் தோள இன்னும் தூக்க முடியல. மறுநாளு அவரே போயி, புகார் எதுவும் இல்லன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு. அதிலேருந்து எல்லாருக்கும் அதே சட்டம்னுட்டாங்க."

"மேஸ்திரிய ஒண்ணும் கேக்கலயா?"

"யாரு கேப்பா?"

பஸ் ஒரு நிறுத்தத்தில் ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு கிளம்பியது. பிறகு இளையவள் மெல்லச் சொன்னாள்: "நேத்து மேஸ்திரி என்னயும் குடோனுக்குக் கூப்புட்டான்க்கா."

மூத்தவள் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள்.

"வூட்டுல சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லிடாதடி. அடிதான் மிஞ்சும்."