தாடி இருந்தால் பீட்டர்ஸ்பர்க்

— தாடி இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுடி லிசெட்.

— முதல்ல வண்டிக் கதவு திறக்கட்டும்! பனியில இறுகிப் போயி ரெண்டு பேர் பிடிச்சு இழுக்கறாங்க. நீயே ஜன்னல்கிட்ட வந்து பாரேன், ஒட்டிலியா அக்கா.

— நான் வரலை. நீயே பார்த்துச் சொல்லு.

— உன்னைப் பொண்ணு கேட்டு வர்ற பாதிரியாருக்கு மழிச்ச முகம், இடுப்புல சிவப்புக் கச்சைன்னா வியன்னா. கத்தோலிக்க மாப்பிள்ளை. கழுத்தைச் சுத்திக் கொசுவம் வச்ச வெள்ளைப் பட்டைன்னா டென்மார்க், லுத்தரன். தாடி வச்ச பாதிரியார்னா பீட்டர்ஸ்பர்க், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபை. சரிதானே?

— தாடின்னா நான் தொலைஞ்சேன். அத்தை அங்கே வாக்கப்பட்டுப் போனாங்களே, பேரை மாத்தி, பேச்சை மாத்தி… ஒரு தடவையாவது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாங்களா?

— அத்தைக்கு என்ன குறைச்சல்? படத்துல பார்த்தேனே, காதுல நீலக்கல்லு, தோள்ல ரோமப் போர்வை! சத்தியமா, நானா இருந்தா இந்நேரம் வண்டியில ஏறி உட்கார்ந்திருப்பேன்.

— பேசுவே, பேசுவே.

— அக்கா, ஒண்ணு கேக்கணும். சமையக்காரர் மக என்னைவிடச் சின்னவ. அவளே போன வருஷம் வெள்ளை கவுன் போட்டு, இதுதான் என் சபைன்னு கோயில்ல சத்தியம் பண்ணி, திடப்படுத்தல் வாங்கிட்டா. நமக்கு மட்டும் ஏன் பண்ணி வைக்கலை? நாம லுத்தரனா, கத்தோலிக்கா, என்னதான்?

— மாப்பிள்ளை எதுவோ, அதுதான் நாம. முன்னாடியே ஒரு சபையில சத்தியம் பண்ணிட்டா, அப்புறம் ஊரறிய அதை இல்லைங்கணும். அதான் அப்பா நம்மளை எழுதாத பலகையா வச்சிருக்கார்.

— பெரியப்பா மக அடெல்கைட் விஷயத்துல ஆச்சே, அது மாதிரியா?

— ஆமா. அவ சத்தியம் பண்ணினவன்னு தெரிஞ்சதும், பொண்ணு கேட்டு வந்த தூதர் ஊத்தின காபியைக்கூடத் தொடாம கிளம்பிட்டார். இப்போ வர்றவங்களும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க.

— இறங்கிட்டார்! தாடி! அம்மாடியோ, வயிறு வரைக்கும் தொங்குது! அக்கா… நீ அழுவேன்னு நெனச்சேனே?

— அழலை.

— அப்போ உன் மஞ்சள் அறை எனக்குத்தான்! கணப்பு இருக்கிற அறை! குடு சாவியை.

— அவசரப்படாதே.

— கோவமா? சும்மா சொன்னேன்க்கா. சத்தியமா, நீ போயிட்டா எனக்குப் பேச்சுத்துணைக்கு யாரு இருக்கா?

— இளவரசிமாரே! ஐயோ என் கர்த்தாவே, படியேறி மூச்சு வாங்குது. அப்பா கூப்பிடறார். பெரிய இளவரசி இந்தப் பச்சைப் பட்டு கவுனைப் போட்டுக்கிட்டு உடனே கீழே வரணுமாம்.

— மார்த்தா, அப்பாகிட்ட போய்ச் சொல்லு. போன ஞாயித்துக்கிழமை நான் ஜலதோஷம்னு படுத்திருக்கலை. சமையக்காரர் மக கவுனை வாங்கிப் போட்டுக்கிட்டு, கிராமத்துக் கோயில்ல முழங்கால் போட்டு சத்தியம் பண்ணிட்டு வந்தேன். நான் இப்போ லுத்தரன்.

— கர்த்தாவே! துரை கொன்னே போட்டுடுவாரும்மா!

— கத்தட்டும். நான் பண்ணின சத்தியத்தை அவரால அழிக்க முடியாது.

— கில்லாடி அக்கா நீ! அப்போ நீ எங்கேயும் போக வேண்டாம்! பாவம் தாடிக்காரர், இவ்வளவு பனியில வந்து வெறுங்கையோட திரும்பணும்!

— வெறுங்கையோட எதுக்குத் திரும்பறார்? என்னை மன்னிச்சுடுடி லிசெட். மார்த்தா, அந்தப் பச்சைப் பட்டை இவ அளவுக்குப் பிடிச்சுத் தைச்சுடு.