வயிற்றில் தேய்த்த ஊசி மருந்து

ஐம்பதுகளில் ஒரு காலை. திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள்.

“நர்ஸம்மா வந்து ஊசி போடறதுக்கு வச்சிருந்த குப்பிய ஒடச்சி, எவளாச்சும் வயித்துல தேய்ப்பாளா அத்தே?” என்றாள் மருமகள்.

“நல்லெண்ணெயில கலந்த மருந்துன்னு டாக்டரம்மாதானே சொல்லிச்சு? எண்ணெய தேய்க்காம இன்னா பண்ணுவாங்க?”

“தூங்கிகினு இருந்தவ வயித்துல! கரு ஒட்டிக்க உள்ளாற ஒரு சத்து ஊறணும், எனக்கு அது பத்தல, அதான் ஊசின்னாங்களே. காதுல வாங்கினியா?”

“ஊசி ஒடம்புக்கு சூடுடி. தேய்ச்சாலும் உள்ளதான் எறங்கும்.”

“அப்போ சோத்தையும் வயித்து மேல தேய்ச்சிக்கோ, பசி அடங்கும்!”

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இன்றும் அதற்காகக் கூசுகிறேன், ஏனென்றால் மருமகள் சிரிக்கவில்லை.

“ரெண்டு கலைஞ்சி பூட்ச்சு. இதுவும் தங்கலன்னா உன் புள்ளைக்கு வேற பொண்ணு பாப்பேன்னு நீதானே சொன்ன?”

ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றதும் மாமியார்தான் முதலில் எழுந்தாள்.

“எறங்குடி. ஒடச்சது நான்தான்னு நானே சொல்றேன். டாக்டரம்மா என்னைத் திட்டட்டும், உனக்கு ஊசி போடட்டும்.”